நல்லாற்றின் ஆயக்கட்டுதாரர்கள்

நொய்யல் ஆற்றுக்காக நீதிமன்றப் படியேற ஒரு தரப்பு இருந்தது. ஒரத்துப்பாளையம் அணையை நம்பிப் பயிர்வைத்த விவசாயிகள், ஆயக்கட்டுதாரர்கள் என்ற உரிமையில் சங்கமாகச் சேர்ந்து சாயக்கழிவுக்கு எதிராக வழக்காடினார்கள். 2006 டிசம்பர் 22இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2009 அக்டோபர் 6இல் உச்ச நீதிமன்றமும் அந்தத் தீர்ப்பை உறுதிசெய்தது. திருப்பூர் தன் சாயத்தண்ணீருக்குப் பொறுப்பேற்கத் தொடங்கியது அந்த விவசாயிகள் விடாமல் நின்றதால்தான்.

நல்லாற்றுக்கு அப்படி நிலையாக நிற்கும் தரப்பு இன்னும் உருவாகவில்லை. மனுக்கள் போயிருக்கின்றன. மீன் செத்து மிதந்த நாளிலும் நுரை பொங்கிய நாளிலும் குரல்கள் எழுந்திருக்கின்றன. ஆனால் இந்த ஓடையில் எனக்குப் பங்கு உண்டு, அதன் நல்லது கெட்டதற்கு நான் கேள்வி கேட்பேன், எனக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்று ஆண்டு முழுதும் வந்து நிற்க ஆளில்லை. இந்தப் பிரகடனத்தின் வழியே நாங்கள் அந்தத் தரப்பாக வந்து நிற்கிறோம்.

நாங்கள் யாரென்றால் பவர்டேபிளில் உட்கார்ந்து தைப்பவர்கள், செக்கிங் பெண்கள், கட்டிங் மாஸ்டர்கள், நிட்டிங் மெஷின் ஓட்டுகிறவர்கள், சாயப்பட்டறையில் வேலை செய்கிறவர்கள், சிறு கம்பெனி நடத்துகிறவர்கள், திருமுருகன்பூண்டியில் கல் கொத்துகிறவர்கள், இன்னும் மாடு வைத்துக் காடுதோட்டம் பார்க்கிறவர்கள், பள்ளி ஆசிரியர்கள். தலைமுறைகளாக இதே மண்ணில் இருப்பவர்களும் இருக்கிறோம். தேனியிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து லைன் வீட்டில் வாடகைக்கு இருப்பவர்களும் இருக்கிறோம். எங்களைச் சேர்த்தது ஜாதியோ கட்சியோ பட்டாவோ அல்ல. எங்கள் கூரையிலும் மொட்டைமாடியிலும் வாசலிலும் விழும் மழை, ஓடி இறங்குவது இந்த ஓடைக்குத்தான்.

அவிநாசிப் பக்கத்து மேட்டுக்காடுகளில் விழும் மழை சிறு பள்ளங்களாகத் திரண்டு நல்லாறாகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் இருக்கும் ஊர் நம்முடையது. ஆண்டில் பெரும்பகுதி இது சன்னமான ஓடை. ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்தால் இரண்டு கரையும் தொட்டு ஓடும். அவிநாசியிலிருந்து திருமுருகன்பூண்டி வழியாகத் திருப்பூரின் வடக்குப் புறத்தைச் சுற்றி, அங்கேரிபாளையம் பக்கமாக இறங்கி, சர்க்கார் பெரியபாளையத்து நஞ்சராயன் குளத்தை நிரப்பி, மிச்சம் நொய்யலில் போய்ச் சேரும். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கும் நொய்யலுக்கு இது ஒரு சிறு கை. ஊர்ப்படத்தில் தேடினால் தலைமுடி கனத்துக்கு ஒரு கோடு தெரியும்.

அந்தக் கோட்டின் ஓரத்தில் என்னென்ன இருக்கிறதென்று பாருங்கள்.

அவிநாசியில் சுந்தரர் பாடிய அவிநாசியப்பர் கோயில். முதலை விழுங்கிய பிள்ளையை, ஆண்டுகள் கழித்து, வளர்ந்த பருவத்தோடு அவர் மீட்டுத் தந்ததாகச் சொல்லும் கதை நடந்த இடமென்று தாமரைக்குளத்தைக் காட்டுவார்கள். இந்தக் கதையை நம்புகிறவர்களும் நம்பாதவர்களும் எங்களோடு இருக்கிறார்கள். ஆனால் முதலை கிடக்கும் ஆழத்துக்குத் தண்ணீர் நின்ற ஊரென்று அவிநாசியை முன்னோர் எண்ணியிருக்கிறார்கள் என்பதில் எங்களுக்குள் இரண்டு கருத்து இல்லை. சற்றுக் கீழே நல்லாற்றங்கரையில் திருமுருகநாத சுவாமி கோயில். சேரமான் பெருமாள் கொடுத்தனுப்பிய பொன்னையும் பொருளையும் சுந்தரரிடமிருந்து வேடர் உருவில் வந்த பூதகணங்கள் பறித்துக்கொண்ட இடம் அதுதான். அவர் கேட்டுப் பாடியதும் எல்லாம் திரும்பக் கிடைத்தது. அந்தக் கோயிலைச் சுற்றித்தான் பூண்டிச் சிற்பிகளின் பட்டறைகள் வளர்ந்தன. இங்கே செதுக்கிய சாமிகள் எத்தனையோ ஊர்க் கோயில்களில் குடியிருக்கின்றன.

ஓடை முடியும் பக்கம் சுக்ரீஸ்வரர் கோயில். தேவாரத்தில் குரக்குத்தளி என்று பேர் வரும் தலம் அது. சுக்ரீவன் வழிபட்டதாகத் தலவரலாறு. இன்று இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அதன் அக்கம்பக்கத்தில் நஞ்சராயன் குளம். பல நூற்றாண்டுக்கு முன் இதைப் பழுதுபார்த்துச் சீராக்கிய நஞ்சராயன் என்ற அரசனின் பெயரே நின்றுவிட்டது. 125.865 ஹெக்டேர், ஏக்கரில் சொன்னால் 311. கூழைக்கடாவும் நாமக்கோழியும் புள்ளிமூக்கு வாத்தும் இருக்கும். இமயத்தைத் தாண்டிப் பறந்துவரும் வரித்தலை வாத்தும் வந்து இறங்கியிருக்கிறது. 190க்கு மேற்பட்ட பறவை இனங்களைப் பதிவுசெய்திருக்கிறார்கள். 2022இல் தமிழ்நாட்டின் 17ஆவது பறவைகள் சரணாலயம் ஆயிற்று. 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலில் சேர்ந்து உலகம் காக்க ஒப்புக்கொண்ட ஈரநிலங்களில் ஒன்றானது.

இவை எல்லாம் ஓடை இருந்ததால் அங்கங்கே அமைந்தவை. கோயில் எழுப்பியவர்கள் கரையைத் தேர்ந்துதான் எழுப்பினார்கள். குளம் வெட்டியவர்கள் ஓடையின் போக்கைப் பார்த்துத்தான் வெட்டினார்கள். நாமோ கோயிலுக்குத் தொல்லியல் பலகை வைத்தோம், குளத்துக்குச் சரணாலயப் பலகை வைத்தோம், இரண்டுக்கும் உயிர் கொடுத்த ஓடையை வீட்டுப் பின்சுவருக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டோம். பழைய பஸ் ஸ்டாண்டில் ஏறினால் புஷ்பா தியேட்டர், குமார் நகர், காந்தி நகர், அனுப்பர்பாளையம், பூண்டி, அவிநாசி என்று நிறுத்தங்களின் பேர் வரிசையாக வரும். அந்த வரிசையில் நல்லாற்றின் பேர் வராது. பாலத்தைத் தாண்டும்போது மூக்கைப் பொத்திக்கொள்வதுதான் ஊருக்கும் ஓடைக்கும் மிஞ்சிய உறவு.

ராம்சார் பெருமை எங்களுக்கும் உண்டு. ஆனால் குளத்துக்கு மட்டும் பாதுகாப்பு அறிவித்துவிட்டுக் குளத்துக்கு வரும் தண்ணீரைக் கேட்பாரில்லாமல் விட்டால் அது பாதுகாப்பாகாது. நஞ்சராயன் குளத்தில் ஒரு நாமக்கோழி எதைக் குடிக்கிறது என்பது மேலே பூண்டியிலும் அங்கேரிபாளையத்திலும் எந்தச் சாக்கடை எங்கே இணைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. சரணாலய எல்லைக்கல் வனத்துறையின் கையில் இருக்கிறது. ஓடை வருவாய்த்துறையிடம், பொதுப்பணித்துறை வழிவந்த நீர்வளத்துறையிடம், மாநகராட்சியிடம், பூண்டி, அவிநாசி நகராட்சிகளிடம், ஊராட்சிகளிடம் துண்டு துண்டாக இருக்கிறது. மாசு என்றால் அதற்கு வேறொரு வாரியம். எந்தக் கதவைத் தட்டினாலும் அடுத்த கதவைக் காட்டுகிறார்கள்.

திருப்பூருக்கு 2011ஆம் ஆண்டு மறக்கக் கூடாத ஆண்டு. அந்த ஜனவரி 28ஆம் தேதி, கழிவுநீரே வெளியேறாத ஜீரோ டிஸ்சார்ஜ் நிலையை எட்டாத சாய, சலவைப் பட்டறைகளை மூடச்சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூறுக்கு மேற்பட்ட பட்டறைகள் நின்றன. ஊரே வேலையின்றித் திகைத்தது எங்களில் பலருக்கு நேரடி அனுபவம். அதே நாளில் டெல்லியில் உச்ச நீதிமன்றம் இன்னொரு தீர்ப்பும் சொன்னது. பஞ்சாபில் ஒரு கிராமத்துக் குளத்தை ஆக்கிரமித்து வீடு கட்டியவர்கள் பற்றிய ஜக்பால் சிங் வழக்கு அது. குளம், குட்டை, மந்தைவெளி போன்ற ஊர்ப்பொதுவை ஆக்கிரமித்தவர்களை அகற்றும் திட்டம் வகுக்கும்படி எல்லா மாநிலங்களுக்கும் அதில் ஆணை பிறந்தது. முதல் தீர்ப்பைத் திருப்பூர் இன்றுவரை நாள் நட்சத்திரத்தோடு நினைவில் வைத்திருக்கிறது. இரண்டாம் தீர்ப்பு இங்கே யார் காதிலும் விழுந்ததாகத் தெரியவில்லை.

அந்த ஆண்டு நவம்பர் முதல் வாரத்தில் பேய்மழை பெய்தது. ஊருக்குள் ஓடும் ஜம்மனை ஓடையும் சங்கிலிப்பள்ளமும் இரவோடிரவாகப் பெருகிக் கரையோரக் குடிசைகளை வாரிக்கொண்டு போயின. உயிர்கள் போயின. வேலை தேடி வந்து, வேறெங்கும் வாடகை கட்டுப்படியாகாமல் பள்ளத்தின் விளிம்பில் குடியேறியவர்கள்தான் அதிகம் அடிபட்டார்கள். வெள்ளம் வந்த வழி புதியதில்லை. தண்ணீர் போன வழியில் நாம் சுவர் வைத்திருந்தோம். ஆண்டின் தொடக்கத்தில் சாயத்துக்காகத் தண்டிக்கப்பட்ட ஊர், ஆண்டு முடிவதற்குள் ஓடைகளை மறந்ததற்காகவும் தண்டிக்கப்பட்டது. முதல் தண்டனைக்குப் பின் கோடிக்கணக்கில் பணம் திரட்டித் திருந்தினோம். இரண்டாவதிலிருந்து அந்த அளவுக்குக் கற்றோமா என்பதுதான் எங்கள் கேள்வி.

திருந்தினோம் என்பதை மனதாரச் சொல்கிறோம். பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் சாயம் ஏற உப்பு வேண்டும். கறுப்பு, கருநீலம் போன்ற அடர்நிறங்களுக்கு லிட்டருக்கு 60 முதல் 80 கிராம் வரை போட வேண்டியிருக்கிறது. கடல்நீரிலேயே லிட்டருக்கு 35 கிராம்தான் உப்பு. சாயம் நூலில் பிடித்துக்கொள்ளும், உப்பு தண்ணீரிலேயே நிற்கும். சுண்ணாம்பு போட்டு நிறத்தை எடுத்துவிட்டுத் தண்ணீர் தெளிந்தது என்று விட்ட காலத்தில், அந்தத் தெளிந்த நீர்தான் ஒரத்துப்பாளையம் போய்த் தேங்கியது. 1992இல் பாசனத்துக்காகக் கட்டிமுடித்த அணையில் தண்ணீர் நிறுத்தாதீர்கள் என்று பாசன விவசாயிகளே கெஞ்சும் நிலை வந்தது. தென்னை கருகியது, மாடு வாய் வைக்கவில்லை. இன்றோ சவ்வூடு வடித்து, ஆவியாக்கி, உப்பையும் தனியே பிரித்து, தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் நீரை மீட்டுத் திரும்பச் சாயம் போடுகிறார்கள். 18 பொது சுத்திகரிப்பு நிலையங்கள் இயங்குகின்றன. இவ்வளவு பெரிய அளவில் இப்படிச் செய்துகாட்டிய ஜவுளி ஊர்கள் உலகில் அரிது. ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாய் அளவில் ஏற்றுமதி செய்யும் ஊர் தன் சாயத்தண்ணீரை அடக்க முடியுமென்றால், வீட்டுச் சாக்கடையையும் அடக்க முடியும்.

தொழிலுக்கு நாங்கள் எதிரி அல்ல. எங்கள் அடுப்பு எரிவது பனியனால். தொழிலதிபர்களிடம் எங்கள் கோரிக்கை இதுதான்: வெளிநாட்டு பையர் அனுப்பும் ஆடிட்டர் உங்கள் சுத்திகரிப்பு நிலையத்தைப் பார்க்கிறார், தீயணைப்புக் கருவியைப் பார்க்கிறார், கழிப்பறையைப் பார்க்கிறார். காம்பவுண்டுக்கு வெளியே ஐம்பதடி நடந்து ஓடையை அவர் பார்ப்பதில்லை. அவர் பார்க்காததை நீங்கள் பாருங்கள். மழை நாளில், நடுச்சாமத்தில், ஓடையில் நிறம் மாறி ஓடினால் உங்கள் சங்கத்துக்குள்ளேயே யாரென்று தெரியும். விதியை மதித்துப் பல கோடி செலவழிப்பவரும், திருட்டுத்தனமாகத் திறந்துவிட்டுச் செலவை மிச்சம் பிடிப்பவரும் ஒரே சந்தையில் ஒரே விலைக்கு ஆர்டர் பிடிக்கிறார்கள். இதில் நேர்மையானவருக்குத்தான் நட்டம். அப்படித் திறந்துவிடுபவரைக் காட்டிக்கொடுப்பதைத் துரோகம் என்று நினைக்காதீர்கள்.

ஆனால் இன்று நல்லாற்றில் ஓடுவதில் பெரும்பங்கு பட்டறையுடையது என்று சொல்லித் தப்பிக்க எங்களுக்கு மனமில்லை. அது நம் குளியலறைத் தண்ணீர், நம் சமையலறைத் தண்ணீர், நம் செப்டிக் டேங்க் லாரிகள் இருட்டில் கவிழ்ப்பது, நாம் பாலத்திலிருந்து வீசும் கேரி பேக், கட்டிங் வேஸ்ட், கோழிக்கடைக் கழிவு. பவானி அருகே காவிரியிலிருந்து நாளொன்றுக்கு 185 மில்லியன் லிட்டர் கொள்ளளவுள்ள குடிநீர்த் திட்டத்தைத் தனியாரோடு சேர்ந்து இந்தியாவிலேயே முதலில் செய்துகாட்டிய ஊர் இது. உள்ளே வந்த தண்ணீருக்குக் குழாய் போட்ட வேகத்தில், வெளியே போகும் தண்ணீருக்குக் குழாய் போடவில்லை. அந்த வித்தியாசம் முழுக்க ஓடைகளில் விழுகிறது. எனவே எங்கள் முதல் கோரிக்கை உள்ளாட்சி அமைப்புகளிடம்: எந்த மழைநீர் வடிகாலிலும் வீட்டுக் கழிவுநீர் இணைப்பு இருக்கக் கூடாது. பாதாளச் சாக்கடை வரும்வரை ஓடையில் விடலாம் என்ற பேச்சு எடுபடாது. அது வரும்வரை, வார்டுக்கு வார்டு சிறிய சுத்திகரிப்பு அமைப்புகள் வேண்டும். உப்பைப் பிரிக்கும் தொழில்நுட்பம் பழகிய ஊரில் இதைச் செய்யத் தெரிந்தவர்கள் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள்.

ஆக்கிரமிப்பு பற்றிப் பேசும்போது நாங்கள் நிதானமாகப் பேச வேண்டியிருக்கிறது. ஏனென்றால் எங்களிலேயே கரையோரத்தில் குடியிருப்பவர்கள் உண்டு. ஓடை ஆக்கிரமிப்பு என்றதும் ஜேசிபி போய் நிற்பது ஏழையின் தகரக் கூரை முன்னால்தான். ஓடையின் அகலத்தையே சுருக்கிக் கான்கிரீட் சுவர் எழுப்பிய பெரிய இடத்துக்கு அளவைக் கல் போவதே இல்லை. நாங்கள் வைக்கும் வரிசை இது. முதலில் அவிநாசியிலிருந்து நொய்யல் வரை, ஒவ்வொரு கிராமத்தின் புலப்படத்தையும் பழைய அ பதிவேட்டையும் வைத்து ஓடைப் புறம்போக்கை அளந்து கல் நட வேண்டும், அந்த வரைபடத்தை எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும். 2007இல் வந்த ஏரிகள் பாதுகாப்புச் சட்டமும் 2011 ஜக்பால் சிங் தீர்ப்பும் அதற்குப் போதிய ஆதாரம். அடுத்து, பெரிய சுவர்கள் முதலில் இடிய வேண்டும். குடியிருப்புகளை அகற்றுவதென்றால், வேலைக்கு நடந்து போகும் தூரத்திலேயே மாற்று வீடு கொடுத்துச் சாவி கையில் வந்தபிறகுதான் அகற்ற வேண்டும். ஊருக்கு வெளியே பத்துக் கிலோமீட்டர் தள்ளி அடுக்குமாடி கட்டிக் கொண்டுபோய்ப் போட்டால், நைட் ஷிப்ட் முடித்த பெண் எப்படி வீடு திரும்புவாள்? அவள் மறுபடியும் ஏதோ ஒரு பள்ளத்தோரம்தான் வந்து சேர்வாள். அடுத்த வெள்ளத்தில் அவள் பேர் பட்டியலில் வரக்கூடாது என்பது எங்களுக்கு ஓடையை மீட்பதற்குச் சமமான அக்கறை.

அழகுபடுத்துதல் என்ற பேச்சு வந்தால் எங்கள் பதில் தெளிவானது. கொரியாவின் சியோல் நகரில் மேம்பாலத்தை இடித்து, மூடப்பட்டிருந்த சொங்கேச்சொன் ஓடையை 2005இல் திறந்தார்கள். உலகமே பாராட்டியது, நாமும் படங்களைப் பார்த்து வியக்கிறோம். ஆனால் அந்த ஓடையில் தண்ணீர் ஓட, ஹான் ஆற்றிலிருந்து தினமும் பம்ப் போட்டு இறைக்க வேண்டியிருக்கிறது. மின்சாரம் நின்றால் ஓடையும் நிற்கும். நமக்கு அது வேண்டாம். 2017இல் ஸ்மார்ட் சிட்டிப் பட்டியலில் திருப்பூர் சேர்ந்தபின் ஆற்றங்கரைச் சீரமைப்பு என்றால் கான்கிரீட் சாய்வும் விளக்குக் கம்பமும் நடைபாதையும் என்ற எண்ணம் ஊன்றிவிட்டது. அடியும் பக்கமும் கான்கிரீட் பூசிய ஓடை வேகமாக ஓடும். கீழே இருப்பவரை வேகமாக மூழ்கடிக்கும், நிலத்தடியில் ஒரு சொட்டும் இறங்காது. ஊர்க் கிணறுகளும் ஆழ்துளைகளும் உப்பும் சாயமும் ஏறித் தவிக்கும் இந்த மண்ணுக்கு ஓடையின் மணல் அடிமட்டம்தான் மருந்து. நல்லாற்றுக்கு மண்கரையும் நாணலும் புங்கனும் மருதும் போதும். வனத்துக்குள் திருப்பூர் என்ற பேரில் 2015 முதல் லட்சக்கணக்கில் மரம் நட்டுக் காட்டியிருக்கிற ஊருக்கு மரத்தைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

இன்னொன்று முக்கியம். 2024 ஆகஸ்ட் 17இல், அறுபதாண்டுக் கோரிக்கைக்குப் பிறகு, அத்திக்கடவு அவிநாசித் திட்டம் திறக்கப்பட்டது. 1,916 கோடி ரூபாய். காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியின் உபரிநீர் ஒன்றரை டி.எம்.சி.யை ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக மேட்டுக்கு ஏற்றி 1,045 குளம் குட்டைகளை நிரப்புகிற திட்டம். நம் தாத்தன் பாட்டி காலத்திலிருந்து மனுப் போட்டும் உண்ணாவிரதம் இருந்தும் பெற்ற தண்ணீர் அது. அந்தக் குளங்களில் பல நல்லாற்றின் தலைப்பகுதியில் இருக்கின்றன. குளம் நிரம்பிக் கோடி போனால் அந்த நீர் எங்கே போகும்? அடுத்த குளத்துக்கும், அங்கிருந்து ஓடைக்கும் போக வேண்டும். இடையிலுள்ள வாய்க்கால்களை லேஅவுட் போட்டு விற்றிருந்தால், இவ்வளவு மின்சாரம் செலவழித்து மேலேற்றிய நீர் வீட்டுமனைகளில் புகுந்து நிற்கும், அல்லது சாக்கடையோடு கலந்து வீணாகும். குளங்களை இணைக்கும் ஒவ்வொரு வாய்க்காலும் திறந்திருப்பதை உறுதிசெய்யாமல் அத்திக்கடவுத் திட்டம் முழுமை பெறாது. அவிநாசி, பெருமாநல்லூர், ஊத்துக்குளி விவசாயிகளை இந்தக் காரணத்துக்காகவே எங்களோடு நிற்கக் கூப்பிடுகிறோம். மேலே இருப்பவர்களும் கீழே இருப்பவர்களும் ஒரே ஓடையின் பங்காளிகள்.

கொடிகாத்த குமரனின் நினைவகம் ரயில் நிலையத்தருகே இருக்கிறது. 1932 ஜனவரி 10இல் அடிபட்டு மறுநாள் உயிர்விட்ட அந்த இளைஞன் சென்னிமலையில் பிறந்து இந்த ஊருக்குப் பிழைக்க வந்தவன். வந்தேறி, உள்ளூர்க்காரன் என்று பிரித்துப் பேசுகிறவர்களுக்கு இதை நினைவூட்டுகிறோம். ஊரின் பெயரோடு சேர்ந்து நிற்கும் மனிதனே வெளியிலிருந்து வந்தவன்தான். ஆகவே எங்கள் கூட்டங்களில் ஒடியாவிலும் இந்தியிலும் பேசலாம், மொழிபெயர்த்துச் சொல்ல ஆள் இருக்கும். தலைவர் பதவி கிடையாது. கணக்குப் பார்க்கும் பொறுப்பு ஆண்டுக்கொரு முறை மாறும், ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்து பார்ப்பார்கள். எந்தக் கம்பெனியிடமும் கட்சியிடமும் நன்கொடை வாங்க மாட்டோம். அரசு அலுவலர்களை மரியாதையோடு அணுகுவோம், எழுத்தில் கேட்போம், எழுத்தில் பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்போம், அதற்கும் வராவிட்டால் நொய்யல் விவசாயிகள் ஏறிய அதே படியில் ஏறுவோம். எங்களில் யாராவது ஓடையில் கழிவை விடுவது தெரிந்தால், ஊரைக் கேட்பதற்கு முன் அவரைக் கேட்போம்.

சுத்தம் செய்கிறோம் என்று ஒருநாள் கையுறை மாட்டிப் படம் எடுத்துக்கொண்டு போகும் வழக்கத்தை நாங்கள் பின்பற்ற மாட்டோம். குப்பை திரும்ப வருவது எங்கிருந்து என்று தெரியாமல் அள்ளுவதில் பயனில்லை. எங்கள் முதல் வேலை கணக்கெடுப்பு. பூண்டிக் கோயிலிலிருந்து நஞ்சராயன் குளத்துக்குத் தண்ணீர் நுழையும் வாய் வரை ஓடையோரமாக நடப்போம். வந்து விழும் ஒவ்வொரு குழாயையும் வடிகாலையும் சாக்கடையையும் எழுதுவோம்: எந்தக் கரை, எந்த வீதி, மழையில்லாத நாளிலும் வருகிறதா, நிறம் என்ன, வாடை என்ன, டி.டி.எஸ். மீட்டர் காட்டும் உப்பு எவ்வளவு. பள்ளிப் பிள்ளைகளும் பிடித்துப் பார்க்கக்கூடிய சிறு கருவி அது, விலையும் அதிகமில்லை. கிடைக்கும் கணக்கை ஒரு பெரிய வரைபடத்தில் ஏற்றி, ஒரு நகலைப் பூண்டியிலும் ஒன்றை அங்கேரிபாளையத்திலும் ஒன்றைக் குளத்தங்கரையிலும் மழையில் நனையாதபடி மாட்டுவோம். தலா ஒரு நகல் ஆட்சியர் அலுவலகத்துக்கும் மாநகராட்சிக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் போகும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே இடங்களில் திரும்ப அளந்து பழைய எண்ணுக்குப் பக்கத்தில் புதிய எண்ணை எழுதுவோம்.

சம்பள நாள் சனிக்கிழமை, லீவு ஞாயிறு என்பது இந்த ஊரின் நாட்காட்டி. அதனால் ஞாயிறு காலை ஆறு மணிக்குப் பூண்டிக் கோயில் முன்னால் கூடுகிறோம். நைட் ஷிப்ட் முடித்து உறங்கி எழுந்து வருகிறவர்களுக்காக மாலை நான்கு மணிக்கு அங்கேரிபாளையத்தில் இன்னொரு குழு இறங்கும். முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் இருந்தால் போட்டுக்கொண்டு வாருங்கள், குடிதண்ணீர் கொண்டுவாருங்கள், உங்கள் கிராமத்துப் புலப்படத்தின் நகல் வைத்திருந்தால் அதையும் எடுத்துவாருங்கள். ஒடியாவும் இந்தியும் பேசத் தெரிந்தவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள். கரையோர லைன் வீடுகளில் கதவு தட்டிப் பேச நீங்கள்தான் முன்னால் போக வேண்டும்.